சிங்கவரத்தை மாங்கோடிபியில் ஏற்றுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். பாறையைக் குடைந்து, உள்ளே பள்ளிகொண்ட அரங்கநாதரைச் செதுக்கியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளித் திருநாதர்குன்று. ஒரே பாறை முகப்பில் 24 தீர்த்தங்கரர்கள். பக்கத்தில் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராத்தியர் காலக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இந்த வட்டாரச் சின்னங்களுக்கு ஒரு வலைத்தளம் கட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவை எங்கே, எப்படி வைப்பது?

முதல் படி: கணினியைத் தொடாதீர்கள்

ஒரு தாளில் மூன்று இடங்களைப் பற்றியும் தெரிந்ததை எழுதிப் பாருங்கள். குடைவரைக்குக் காலம், சிற்பங்கள். திருநாதர்குன்றுக்கு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டு. கோட்டைக்கு மலைகள், முற்றுகைகள், கைமாறிய கதை: 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். இதையெல்லாம் ஒரே அட்டவணையில் அடைத்தால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

ஆவணத் தரவுத்தளம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு சின்னமும் ஓர் ஆவணம். அதற்கு வேண்டிய புலங்கள் மட்டும் அதில் இருக்கும். ஆவணங்கள் சேர்ந்தது தொகுப்பு, அதாவது கலெக்‌ஷன். 2009இல் வெளிவந்த மாங்கோடிபிதான் இந்த வகையில் அதிகம் புழங்குவது. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: நிறுவுதல்

சொந்தக் கணினியில் நிறுவலாம். அது சிரமமாகத் தோன்றினால் அட்லஸ் என்ற மேகச் சேவையில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். 512 எம்பி இடம் கிடைக்கும். ஒரு தாலுகாவின் சின்னங்களுக்கு அதுவே தாராளம். சர்வர் இருக்கும் இடமாக மும்பையைத் தேர்ந்தெடுங்கள். கூடவே காம்பஸ் என்ற மென்பொருளையும் இறக்கிக்கொள்ளுங்கள். கட்டளை தெரியாமலே தரவைப் பார்க்கவும் திருத்தவும் அது போதும்.

அட்லஸ் நீங்கள் அனுமதித்த ஐபி முகவரியிலிருந்து மட்டுமே இணைய விடும். மொபைல் டேட்டாவில் வேலை செய்தால் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஓடியது இன்று ஓடாது. எரிச்சலில் பலர் எல்லா முகவரிகளுக்கும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது ஆபத்து: 2017 தொடக்கத்தில், கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தளங்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். கடவுச்சொல் வலுவாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: முதல் ஆவணம்

காம்பஸில் புதுத் தரவுத்தளம், அதற்குள் ‘சின்னங்கள்’ என்ற தொகுப்பு. பிறகு இதை உள்ளிடுங்கள்:

{
"பெயர்": "அரங்கநாதர் குடைவரை",
"ஊர்": "சிங்கவரம்",
"வகை": "குடைவரை",
"மரபு": "பல்லவர்",
"சிற்பங்கள்": ["பள்ளிகொண்ட பெருமாள்", "கொற்றவை"]
}

புலப் பெயர்களும் தமிழில் இருக்கலாம், சிக்கலில்லை. ஆனால் நிரல் எழுதும்போது விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டி அலுத்துப்போகும் என்பதால், புலத்தை ஆங்கிலத்திலும் மதிப்பைத் தமிழிலும் வைப்பதே என் பரிந்துரை. சேமித்ததும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் அடையாள எண் தானாகவே வந்துவிடும்.

சதுர அடைப்புக்குள் இருப்பது வரிசை, அதாவது அர்ரே. செஞ்சிக்கு இது ரொம்பவே தேவை. பீஜப்பூர்க்காரர்களுக்கு அது பாதுஷாபாத், முகலாயருக்கு நுஸ்ரத்கட், ஐரோப்பியருக்கு ஜிஞ்சி. ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு வரிசையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் கோட்டை சிக்கும்.

தமிழில் ஒரு கண்ணி உண்டு. ‘கொற்றவை’யின் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தரவுத்தளத்துக்கு வெவ்வேறு. ஆவணம் இருந்தும் தேடலில் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூற்றில் சொல்லை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

நான்காம் படி: எதை உள்ளே, எதை வெளியே?

பக்கம் திறக்கும்போது சேர்ந்தே தேவைப்படுவது ஒரே ஆவணத்துக்குள் இருக்கட்டும். சிற்பங்களின் பட்டியல் உள்ளே. வருகிறவர்கள் ஏற்றும் படங்களின் விவரம் வளர்ந்துகொண்டே போகும்; அது தனித் தொகுப்பில் இருக்கட்டும், சின்னத்தின் அடையாள எண்ணோடு. ஓர் ஆவணம் 16 எம்பியைத் தாண்டக்கூடாது. படக் கோப்பையே உள்ளே திணிக்காமல் முகவரியை மட்டும் வையுங்கள்.

கட்டமைப்பு கட்டாயமில்லை என்பதால் யோசிக்கவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் ‘குடைவரை’ என்பார், இன்னொருவர் ‘குகைக் கோயில்’ என்பார். பாதி ஆவணங்கள் தேடலில் விழாது. வகைக்கு இன்ன சொற்கள்தான் என்று சரிபார்ப்பு விதி போட மாங்கோடிபியிலேயே வசதி இருக்கிறது.

ஐந்தாம் படி: வரைபடம்

‘நான் நிற்கும் இடத்துக்கு அருகில் என்ன இருக்கிறது?’ சுற்றுலாத் தளத்துக்கு இதுதான் உயிர்க்கேள்வி. இடப் புலத்தை ஜியோஜேசன் என்ற இடக்குறிப்பு வடிவில் வைத்து, அதன் மேல் 2டிஸ்ஃபியர் குறியீட்டை, அதாவது இண்டெக்ஸை, உருவாக்கினால் தூர வரிசையில் விடை வரும்.

ஜியோஜேசனில் முதலில் நெடுங்கோடு, பிறகுதான் அகலாங்கு. கூகுள் வரைபடத்திலிருந்து நகலெடுத்தால் தலைகீழாக வரும். சிங்கவரம் அகலாங்கு 12, நெடுங்கோடு 79 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மாற்றிப் போட்டால் அரங்கநாதர் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையம் ஹிமாத்ரி இருக்கும் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வார். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அதுவும் செல்லுபடியாகும் இடம்தான்.

ஆறாம் படி: தளத்தோடு இணைத்தல்

உலாவியிலிருந்து தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் நோட்.ஜேஎஸ், எக்ஸ்பிரஸ் கொண்டு ஒரு சிறு சர்வர் எழுதுங்கள். சின்னங்களின் பட்டியலுக்கு ஒரு வழி, ஒரு சின்னத்தின் முழு விவரத்துக்கு இன்னொரு வழி; முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். இணைப்பு முகவரியில் கடவுச்சொல் இருப்பதால் அதைச் சூழல் மாறியில், அதாவது என்விரான்மென்ட் வேரியபிளில், வையுங்கள், கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள்.

எப்போது இது வேண்டாம்?

நுழைவுச்சீட்டு விற்பனை, உண்டியல் கணக்கு, ஊழியர் சம்பளம் போன்றவற்றில் எல்லா வரிகளும் ஒரே அச்சு. தொகைகள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். அதற்குப் போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் போன்ற அட்டவணைத் தரவுத்தளமே பொருத்தம். அதில் மேலே பார்த்தது போன்ற ஜேசன் ஆவணங்களை வைக்கவும் வழி உண்டு என்பதால், இரண்டும் கலந்த தளத்துக்கு நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.