சித்தி இறந்த பிறகு அப்பாவின் சொத்தைக் கேட்பது எப்படி?

சித்தியின் காரியம் முடிந்த கையோடு அவருடைய தம்பி வந்து வீட்டைப் பூட்டுகிறார். “உனக்கும் எங்க அக்காவுக்கும் என்ன உறவு?” என்கிறார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியிலேயே வாயடைத்துப் போகிறார்கள். போகாதீர்கள். உங்கள் உரிமை, சித்தி இறந்தபோது அல்ல, அப்பா இறந்த அன்றே வந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, சொத்து யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய தாய், மனைவி, எல்லாப் பிள்ளைகள் என அனைவருக்கும் சம பங்கு. பின்னால் பட்டா சித்தி பெயருக்கு மாறியிருந்தாலும் உங்கள் பங்கு அழியாது. சித்தியின் பங்கு அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும். அவருக்குப் பிள்ளை இல்லையென்றால் கணவரின் வாரிசு என்ற முறையில் அது உங்களுக்கே வரும், தம்பிக்கு அல்ல. 1987இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் பிள்ளையில்லாத சித்திக்குத் தாய் தகப்பன் வழியில் வந்த சொத்து அவருடைய பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பும். அதைக் கேட்காதீர்கள். (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு.)

அடுத்து, காகிதங்கள். அப்பா சொத்து வாங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று போடுங்கள். அதில் தானசெட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் ஏதாவது இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். எப்போதோ நீங்களே படிக்காமல் கையெழுத்துப் போட்டது அங்கே இருக்கலாம். இருவரின் இறப்புச் சான்று, அப்பாவின் வாரிசுச் சான்றிதழ், பட்டா, சிட்டா ஆகியவையும் வேண்டும்.

இனி வக்கீல். கையில் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனுக் கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இந்த வசதி தெரியாமல் நகையை அடகு வைக்கும் பெண்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

தனியார் வக்கீல் என்றால், உங்கள் ஊர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துபவராகப் பாருங்கள். “பீஸ் வேண்டாம், ஜெயித்தால் சொத்தில் பங்கு கொடு” என்பவரிடம் போகவே வேண்டாம். அப்படிப் பேசுவது வக்கீல்களுக்கான விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸ் கொடுங்கள்.

வக்கீல் முதலில் நோட்டீஸ் அனுப்புவார். பலிக்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. வழக்குப் போடும்போதே, சொத்தை விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் கேட்கச் சொல்லுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பங்கே இல்லை என்று உங்களை வெளியேற்றியிருந்தால், பொதுவாக 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அப்படி வெளியேற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று இன்றே கணக்குப் பாருங்கள்; இந்த வாரமே வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுங்கள்.