வெறுங்காலும் கொக்கிப்புழுவும்



வெறுங்காலோடு கொல்லைக்குப் போய் வந்தா விரலிடுக்குல அரிக்குதா? கொக்கிப்புழு நுழைந்திருக்கலாம்.

இதன் இளம்புழு ஈரமண்ணில் எதையும் தின்னாமல் வாரக்கணக்கில் காத்திருக்கும். நம் காலின் சூடு பட்டால் தோலுக்குள் நுழையும். உள்ளே, நம் இரத்தநீரில் உள்ள பொருட்களே அதை எழுப்பிவிடும் சமிக்ஞை. உடனே புழு நொதிகளைச் சுரக்கும். அதில் ஒன்று சதையின் புரதத்தைக் கரைக்கும். நாய்க் கொக்கிப்புழுவை வைத்து ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டறிந்தார்கள். கடைசியில் குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். நமக்கு இரத்தசோகை, அசதி.

அல்பெண்டசோல் மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லும். புதுப்புழு நுழைவதைத் தடுக்காது. கால் படாவிட்டால் புழுவுக்குச் சமிக்ஞையே கிடைக்காது. அதனால செருப்பு போடுவோம். புழு முட்டை மலத்தோடுதான் மண்ணுக்கு வருது, கழிப்பறைக்கே போவோம். கர்ப்பிணிகள் நர்சம்மாவைக் கேட்டுத்தான் மாத்திரை போடணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா?