கல்லூரி உதவித்தொகைக்கு மனுச் செய்வோர் கவனிக்க வேண்டியவை

மேல்நிலைப் பரீட்சை முடிவுகள் வந்தவுடன் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் கேள்வி, கல்லூரிச் செலவுக்கு என்ன வழி என்பதே. முன்னாளில் உபகாரச் சம்பளம் என வழங்கிய உதவி இன்று பல பெயர்களில் கிடைக்கின்றது. எனினும், முழுத் தகுதி இருந்தும் தஸ்தாவேஜுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமையால் அதனை இழப்போர் உளர். ஆதலின் அதனை இங்கு ஆராய்வோம்.

முதலாவது பெயர். மல்லிகா என்றொரு மாணவி இருப்பதாகக் கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'செ. மல்லிகா' எனவும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயரோடும், பாங்குப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இன்றியும் அவள் பெயர் இருக்கலாம். ஊரார்க்கு மூவரும் ஒருவரே, கணிப்பொறிக்கு அவ்வாறன்று. மதிப்பெண் பட்டியலை மூலமாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுதல் நலம். திருத்தத்திற்கு நாட்கள் பிடிக்குமாதலால், பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே இதனைச் செய்துவிட வேண்டும்.

அடுத்தது பாங்குக் கணக்கு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்க 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், ஆண் மக்களுக்கென 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொகையை மாணவர் கணக்கிலேயே நேராகச் செலுத்துவன. இங்கே பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. கணக்குத் தொடங்கும்போது ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசுத் தொகை வந்து சேரும் கணக்கு இதுவென அவ்வெண்ணோடு இணைப்பது வேறு. ஓர் ஆதார் எண்ணுக்கு அவ்வாறு இணைந்த கணக்கு ஒன்றே இருக்கும். ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, கடைசியாக எக்கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்கே செல்லும். பள்ளி நாளில் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் சேர்ந்திருக்க, வரவில்லையென்று கல்லூரி அலுவலகத்திற்கு நடப்பதில் பயனென்ன? எக்கணக்கு இணைந்துள்ளது என்பதை பாங்கில் கேட்டு அறியலாம்.

வருமானச் சான்று பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நெசவுக் கூலி திங்கள்தோறும் மாறுவது. பயிர் வருமானமோ மழையைப் பொறுத்தது. ஆகவே வாய்க்கு வந்த தொகையைக் கூறாமல், சங்கத்தின் கூலிக் கணக்கையும் விளைபொருள் விற்ற ரசீதுகளையும் கொண்டு ஆண்டு முழுமைக்கும் கூட்டிச் சொல்லுக. உதவித்தொகைக்குக் குறைந்த தொகையும், கடனுக்கு மிகுந்த தொகையும் எழுதுவதைச் சாமர்த்தியமெனச் சிலர் கருதுகின்றனர். நமக்கு அது உடன்பாடன்று. இரண்டும் ஒரே மேசைக்கு வரும் நாளில் மாணவரே இடர்ப்படுவர்.

கல்விக் கடன் உதவித்தொகையன்று. பெற்றோரும் கூட்டாகக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரவேண்டிய கடன். ஆண்டுக்கு ரூ.1 லட்சமாக, நான்காண்டில் ரூ.4 லட்சம் பெறுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 9 எனில், படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டிற்கும் தனிவட்டி மட்டும் ரூ.1,26,000 ஆகும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்திற்கு மேற்படாத மாணவர், தரச் சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயின்றால், இவ்வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. இதனைக் கோரும் முறையைக் கடன் கொடுத்த பாங்கில் கேட்டறிக. கடன் கிடைத்த மகிழ்ச்சியில் வருமானச் சான்றைக் கொடாது விட்டால் வட்டி நம் தலையில் ஏறும். சான்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குக.

முதல் பட்டதாரிச் சலுகை கோருவோர் அதற்குரிய சான்றைக் கலந்தாய்வுக்கு முன்னரே பெறுதல் வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பெற்றோர்க்கு இச்சலுகை இல்லை. முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் விசாரிப்பதைவிட, கட்டுமுன் இதனைக் கேட்டறிவது நன்று.