மண்டிக்காரர் காத்திருப்பார், கண்ணு

செம்மேடு

அன்புள்ள கண்ணுவுக்கு,

பெரியப்பா எழுதுவது. போன் போட்டால் எந்த வளைவில் இருந்து எடுப்பாயோ என்று பயந்துதான் கடுதாசி எழுதுகிறேன்.

பஸ் கண்டக்டர் நேற்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். காரவள்ளி இறக்கத்தில் வாழைத்தார் லோடோடு வந்தாயாம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனாம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். அன்றைக்கு ஒதுங்கி நின்றது பஸ்ஸாம். அதைக் கேட்டதிலிருந்து உன் பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

போனைத் தோளில் இடுக்கினால் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கொண்டை ஊசியில் தலையைத் திருப்பி, மேலே கீழே பார்த்துத்தானே வண்டியை ஒடிக்க வேண்டும்? போன் விழுந்துவிடும் என்று நீ திரும்பமாட்டாய். ஒரு கை ஸ்டியரிங்குக்கு, ஒரு கை கியருக்கும் ஹாரனுக்கும் சரியாகப் போகும். போதாததற்கு டவர் போய்ப் போய் வரும்; "ஹலோ, ஹலோ" என்று திரையைப் பார்ப்பாய். 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண்ணை எடுத்தால் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். 70 வளைவு உள்ள ரோட்டில் அது போதும் சாமி.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவை 2019-ல் திருத்தி, கையில் போன் வைத்து ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் அபராதமே 10,000. லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லியாயிற்று. தவணை வண்டி மூன்று மாதம் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. வழி பார்க்க மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம் என்று 2020-ல் விதி வந்தது. பிறந்த மலையில் உனக்கு எதற்கு மேப்?

உன்னைக் கூப்பிடுவது யார் என்றும் எனக்குத் தெரியும். மண்டிதான். உன் அப்பாவையும் இப்படித்தான் விரட்டினார்கள். அது எதில் முடிந்தது என்று உனக்கே தெரியும், அந்த ஐப்பசி ராத்திரியைப் பற்றி நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு ஆள்விட்டு விரட்டினார்கள், இன்றைக்குப் போனில் விரட்டுகிறார்கள். "எங்கே வர்றே, ரேட்டு இறங்கிப்போச்சு" என்பார்கள். நீ போனை எடுத்தால் ரேட்டு ஏறிவிடுமா? மிளகுக்கும் அன்னாசிக்கும் இதே பயத்தைக் காட்டித்தான் நம்மிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். மலைக்காரன் என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டும் என்ற நினைப்பு. வண்டி ஓட்டுகிறவன் என்று தெரிந்தே கூப்பிடுகிறவர்களுக்கும் அபராதம் போட வேண்டும் என்பேன் நான்.

ப்ளூடூத் மாட்டிக்கொள்கிறேன் என்பாய். போன் பேசிக்கொண்டு ஓட்டினால் விபத்துக்கு நாலு மடங்கு வாய்ப்பு, கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மனசு மண்டியில் இருந்தால் கண் திறந்திருந்தும் ரோடு தெரியாது.

முடிவு உன்னுடையது, நான் தடுக்கவில்லை. போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு ஓட்டு. சோளக்காட்டில் கிளம்பும்போது ஒரு போன், அடிவாரத்தில் ஓரங்கட்டி ஒரு போன், போதும். முடியாது என்றால் சாவியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு காபிக்காட்டைப் பார். மூன்றாவது வழி நம் வீட்டில் கிடையாது.

மனசில் வைத்துக்கொள்ளாதே, தங்கம். லோடு வண்டியை இந்த மலையில் உன்னைப்போல் பதமாக ஓட்டுகிற பிள்ளை வேறு யார்? ஊரே சொல்கிறது, எனக்குப் பெருமைதான். இந்த மாதத் தவணைக்குக் குறைந்தால் கேள், மிளகு விற்ற பணம் இருக்கிறது. ஓரி விழாவுக்குக் கட்டாயம் வா. உனக்குச் சட்டை எடுத்தாயிற்று, பெரியம்மா தேனும் பலாச்சுளையும் எடுத்துவைப்பாள். அறப்பளீஸ்வரர் துணையிருப்பார். நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா