தொட்டில் கட்டிய வீட்டில் தண்ணீர் திறந்து கிடக்கக் கூடாது

கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்குக் கோடைக்கால ஆலோசனை

பங்குனி முடிகிறது. முழுப்பரீட்சை முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில்தான். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை காயும். அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் விடுமுறை விடுவார்கள். மாந்தோப்புகளில் காய் பறிப்பு மும்முரமாக நடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். இந்த நேரத்தில்தான் இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் கைக்குழந்தையோடு அறைக்குள் படுத்திருக்கிறாள். அவளோடு வந்த இரண்டு வயது மூத்த பிள்ளை வீடெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஆலோசனை முக்கியமாக அந்த மூத்த பிள்ளையைப் பற்றியது.

கைக்குழந்தைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். தகரமோ ஆஸ்பெட்டாஸோ போட்ட வீடானால் பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை குழந்தையை அங்கே போடாதீர்கள். பக்கத்தில் ஓட்டு வீடு இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு மட்டும் செவிலியர் சொன்னபடி செய்யுங்கள். மின்விசிறி போடலாம், காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். சேலைத் தொட்டிலின் மேல் இன்னொரு துணியைப் போட்டு மூடாதீர்கள். பவுடர் வேண்டாம், சாம்பிராணிப் புகை வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், வாய் வைத்து ஊதாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. தடுப்பூசி புதன்கிழமை. வெயில் ஏறுமுன் வாருங்கள், கோடை போகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்குப் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நேர்த்திக்கடனை அடுத்த சித்திரையில் செலுத்திக்கொள்ளலாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். "வெயிலுக்கு நாக்கு வறண்டு போகுமே, ஒரு பாலாடைத் தண்ணி ஊத்துனா என்ன?" என்று எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மாச்சிகள் கேட்கிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான், அம்மாச்சி. நீங்கள் தனியாகத் தண்ணீர் புகட்டினால் அந்தச் சின்ன வயிறு நிரம்பிவிடும், பால் குடிப்பது குறையும், தண்ணீரோடு கிருமியும் உள்ளே போகும். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை, உரை மருந்து, தெருவில் ஓட்டிவந்து கறந்து விற்கும் கழுதைப்பால், எதுவுமே வேண்டாம். தண்ணீர் கொடுக்க வேண்டியது பெற்றவளுக்கு. பச்சை உடம்பு, சளி பிடிக்கும் என்று அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதை இந்தக் கோடையோடு நிறுத்துங்கள். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள்.

இனி மூத்த பிள்ளை.

கைக்குழந்தை அழுதால் வீட்டில் நாலு பேர் ஓடுகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கிறார். நடக்கத் தெரிந்த பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் "சமத்தா விளையாடுது" என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறீர்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்தச் சத்தமில்லாமைதான். தண்ணீருக்குள் விழுந்த சின்னப் பிள்ளை கத்தாது, கையைக் காலை அடித்துத் தண்ணீரைத் தெறிக்க வைக்காது. அந்த வயதில் உடம்பில் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் திரும்ப நிமிர்ந்து எழத் தெம்பு இருக்காது. மூக்கும் வாயும் முங்குகிற அளவு, இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். ஒரு போன் பேசி முடிக்கிற நேரம்கூட இல்லை.

இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தண்ணீர் திறந்து கிடக்கக் கூடாது.

2021-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஆறும் கடலும்தான் ஆளைக் கொல்லும் என்று நினைக்கிறோம். இந்த வயதில் ஆபத்து வீட்டு வாசலுக்குள்ளேயே இருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் நினைத்தபோது வராது. வந்த அன்றைக்கு டிரம், அண்டா, குடம், வாளி, குளிக்கிற டப்பு என்று இருக்கிறதிலெல்லாம் பிடித்து வைக்கிறோம். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் வீட்டுக்குள் இவ்வளவு தண்ணீர் திறந்து நிற்பதில்லை.

தாய்வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருமகள் புழங்கும் வீட்டில் பிள்ளை தவழ ஆரம்பித்த நாளிலிருந்தே சாமான்களை ஒதுக்கி ஒதுக்கிப் பழகியிருப்பார்கள். அம்மாச்சி வீட்டில் பல வருஷமாகச் சின்னப் பிள்ளை கிடையாது. கொல்லையில் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைக்கிற தொட்டி தரையோடு தரையாக இருக்கும். தரைத்தொட்டி மூடி உடைந்து அதன் மேல் ஒரு சாக்கு கிடக்கும். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இருக்காது. பிள்ளைக்கோ எல்லாமே புதுசு. மகள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீர்களே, அன்றைக்கே தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எது கைக்கு எட்டுகிறது என்று அப்போது தெரியும்.

மூடுவது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரம்மின் வாயில் துணி கட்டி வைத்திருக்கிறீர்கள். அது கொசுவுக்குச் சரி, பிள்ளை சாய்ந்தால் துணியோடு உள்ளே போகும். அண்டா மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைப்பதும் மூடி ஆகாது; விளையாட்டுச் சாமான் என்று பிள்ளை அதைத்தான் முதலில் இழுக்கும். திருகு மூடி போட்ட டிரம் வாங்குங்கள். இருக்கிற டிரம்முக்குப் பலகை செய்து மேலே பிள்ளையால் நகர்த்த முடியாத கல்லை வையுங்கள். மூடி இல்லாத வாளியில் தண்ணீர் வைக்கவே வைக்காதீர்கள். துணி அலசி முடித்ததும் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிய டப்பை, குழந்தைக்குத் தலை துவட்டுமுன் யாராவது ஒருவர் காலி செய்ய வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். தரைத்தொட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும். மாட்டுத் தொட்டியைச் சுற்றி இடுப்பளவு முள்வேலியாவது கட்டுங்கள், இல்லையென்றால் மாடு குடித்ததும் சாய்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவதும் இதே நல்ல தண்ணீரில்தான். பேரூராட்சி ஆட்கள் டிரம்மை எட்டிப் பார்க்க வரும்போது அவசர அவசரமாக மூடிவிட்டு, அவர்கள் தெருமுனை தாண்டியதும் திறந்துவிடும் வீடுகள் எவை என்று எங்களுக்குத் தெரியும். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

இரண்டாவது, ஆள் பொறுப்பு. வங்காளதேசக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் குட்டைகளில் மூழ்குவது பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுக்குள், தாய்மார் சமையலிலும் வேலையிலும் இருக்கும் நேரத்தில் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நாலு மணி நேரமும் ஊரிலேயே ஒரு வீட்டில் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது ஆகியிருந்தால், தாய்வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு இங்குள்ள மையத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பணியாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். விடுமுறை நாட்களில் வீட்டுக்குள் முறை வையுங்கள்: இத்தனை மணி வரை தாத்தா, அதற்குப் பிறகு சித்தி என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்கிற வீட்டில் யாருமே பார்க்கவில்லை. எட்டு வயது அக்காவிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அவளும் பிள்ளைதான். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பாரத்தை அவள் சுமப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்கிற இரண்டு மணி, பூப்பு நீராட்டு, காதுகுத்து என்று வீடு நிறைய ஆள் இருக்கிற நாள், இரண்டும் மிக மோசம்.

பெரிய பிள்ளைகளுக்கு: மஞ்சளாறு, கண்மாய், தோப்புக் கிணறு எதற்கும் பெரியவர் துணையில்லாமல் போகக் கூடாது. நீச்சல் பழக்கினால் இடுப்பில் சுரைக்குடுவையோ டியூபோ கட்டி, கூடவே நீந்தத் தெரிந்த ஆள் இறங்க வேண்டும். இரவு வாசலிலோ மொட்டை மாடியிலோ தரையில் படுத்தால் கட்டுவிரியன் பயம் உண்டு; கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்க வையுங்கள். மூன்று வயதுக்குக் கீழே நிலக்கடலை கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். இந்த இரண்டிலும் போகிற நிமிடம் திரும்பி வராது. தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தாடையை லேசாக உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஐந்து தடவை ஊதுங்கள். அசைவு இல்லையா, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் வேகமாக 30 அழுத்து, பிறகு 2 ஊது. ஆம்புலன்ஸ் வரும் வரை இதையே விடாமல் செய்யுங்கள். பிள்ளை இருமி, அழுது, கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் தொல்லை சில மணி நேரம் கழித்தும் வரும்.

ஒருவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-க்கு அழையுங்கள். ஊர்ப்பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ சொல்லுங்கள். தோட்டத்து வீடானால், காட்ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லி, ஒரு ஆளை வண்டியோடு மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.