மாரியில் நாற்றுமேடைக்குக் கூரை

குளிர்நாடுகளில் மார்கழி, தை மாதங்களில் வெப்பநாட்டுச் செடிகள் வெளியிலே நில்லா. ஆதலின் அந்நாட்டார் கண்ணாடி மனைகள் அமைத்து, அவற்றுள் வாழையையும் பனையினங்களையும், மத்தியதரைக் கடற்கரையில் விளையும் தோடை, எலுமிச்சை ஆகியவற்றையும் காத்து வருகின்றனர். லண்டன் கியூத் தோட்டத்துப் பனை மனை 1848 இல் கட்டி முடிக்கப்பட்டது. பிரேசிலிலிருந்து வந்த றப்பர் விதைகள் 1876 இல் அத்தோட்டத்துக் கண்ணாடிக் கூரையின் கீழேயே முளைத்தன; ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன.

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளில் நாற்றைக் கெடுப்பது குளிரன்று, மழையே. மத்தியதரை நாடுகளைப் போல நமக்கும் மழையின் பெரும்பகுதி ஆண்டின் கடைசி மாதங்களைச் சார்ந்தே பெய்கிறது, கோடையோ வறண்டது. ஆயினும் அங்கு மழையோடு குளிர் சேர்ந்து வரும். இங்கு மழையோடு வெப்பம் நீங்காதிருக்கும். ஈரமும் வெப்பமும் கூடுமிடத்தில் பங்கசு பெருகும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் தண்டின் அடி கறுத்து, மெலிந்து, ஒரே இரவில் சாய்வது இதனாலேயே. இதுவே நாற்றழுகல் நோய்.

கார்த்திகை நடுவில் விதைத்தால், தைப்பொங்கலை அண்டி மழை தணியும்போது நாற்று நடுகைக்கு ஆயத்தமாகும். இந்நாற்று அழிந்து மீண்டும் விதைப்பவர் ஒரு மாதத்தை இழப்பார். அவருடைய செடி பூக்கும் வேளையில் வெயில் ஏறிக் கிணற்றுநீரும் இறங்கிவிடும். மாரியில் பெய்த நீரின் பயன் அவருக்குக் கிட்டாது.

மேடையை 3 அடி அகலத்திலும், வயலோரக் களிமண்ணாயின் 9 அங்குல உயரத்திலும் அமைத்தல் வேண்டும். சுற்றிலும் வடிகால் இன்றியமையாதது. மழைக்கு முன்னரே மேடைமேல் வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் பரப்பி எரித்தால் மேல்மண்ணிலுள்ள நோய்க் கிருமிகள் பெரிதும் அழியும். விதைகளை வீசாது, 6 அங்குல இடைவெளியுள்ள வரிசைகளில் ஐதாக இடுக. நெருக்கி விதைப்பது சிக்கனமென்று எண்ணுவோர் உளர். நெருக்கத்திற்றான் நோய் விரைந்து பரவும்.

இனிக் கூரை. கிடுகு மழையைத் தடுக்கும்; ஒளியையும் தடுத்துவிடும். அதன் கீழ் நாற்று வெளிறி, நெடுத்து, நட்டபின் தலைசாயும். முளைவிடும் வரை கிடுகு போதும். அதன்பின் ஒளிபுகும் பொலித்தீனே தக்கது. மூங்கிற் சலாகைகளை வளைத்து நட்டு, நடுவில் 3 அடி உயரம் இருக்குமாறு அதனை மேலே கட்டுக. பக்கங்களை மூடலாகாது. இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். கண்ணாடி மனையின் படத்தை மனத்திற் கொண்டு நான்கு புறமும் மூடினேன். மழை ஒரு துளியும் உட்புகவில்லை. ஆயினும் உள்ளே வியர்த்த நீர் சொட்டி, மூன்றாம் நாள் பாதி மேடை அழுகிற்று. குளிர்நாட்டார் வெப்பத்தைச் சிறைப்படுத்தக் கூரையிடுகின்றனர். நாமோ காற்றை உலவவிட்டு மழையை மட்டும் விலக்குகிறோம்.

கூரையின் கீழ் மண் காய்ந்தால் காலையில் மாத்திரம் நீர் தெளிக்க. சாய்ந்த நாற்றுகளை அடிமண்ணோடு அகற்றிப் புதைத்துவிடுக. நடுவதற்கு ஒரு வாரம் முன்னர், மழையற்ற பகற்பொழுதுகளில் கூரையைச் சிறிது சிறிதாக நீக்கி நாற்றை வெயிலுக்குப் பழக்குக. தக்காளி ஏறத்தாழ மூன்று வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் நான்கைந்து வாரத்திலும் நடத்தக்கனவாகும். பொலித்தீனைக் கழுவி நிழலிற் சுருட்டி வைத்தால் அடுத்த மாரிக்கும் உதவும்.