தானியங்கிக் காமிராவும் ஆச்சியின் முகமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

புகைப்படம் என்றதும் இன்று நம் கை சட்டைப்பையில் உள்ள கைபேசியைத்தான் தேடுகிறது. எடுத்த படம் பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு மற்றொன்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு சுருளில் 36 படங்கள், முப்பத்தாறும் முடிந்து கழுவிப் பார்க்கும்வரை எது தேறியது எது போயிற்று என்று தெரியாது என்றிருந்த காலத்துக் காமிரா ஒன்று சென்ற கோடை விடுமுறையில் என் கைக்கு வந்தது. இரண்டு சுருள் எடுத்துப் பார்த்தேன். முதல் சுருளில் தோற்றேன். அந்தத் தோல்வியின் காரணத்தைத் தேடப்போய், செய்முறைத் தேர்வுக்காக உருப்போட்டு ஒப்பித்த எல்.டி.ஆர். பாடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே இதைப் பாடம் என்று கொண்டாலும் சரி, அனுபவம் என்று கொண்டாலும் சரி.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முன்பு ஸ்டுடியோ நடத்திவந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் எந்திரம் ஓடுகிறது. உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிமில் கல்யாணம், சடங்கு, எருதுகட்டு என்று எடுத்துத் தள்ளியவர் அவர். அந்த ஆலையும் இன்று இல்லை. ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, பீரோவிலிருந்து தோலுறையோடு ஒரு காமிராவை எடுத்து வைத்தார். “தம்பி, ஒளிய அதுவே பாத்துக்கும். நீ ஆளப் பாத்தாப் போதும்” என்றார். பாதி உண்மை அது. மறுபாதியை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

காமிராவின் பெயர் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். ஜப்பானியக் காமிரா. எலக்ட்ரோ 35 வரிசையில் முதலாவது 1966-இல் வெளிவந்தது, ஜி.எஸ்.என். 1973-இல். 45 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை. துவாரத்தை எஃப் 1.7 வரை அகலத் திறக்கலாம், எஃப் 16 வரை சுருக்கலாம். கையில் எடுத்தால் முக்கால் கிலோப் படிக்கல்லை எடுத்ததுபோல் இருக்கிறது.

நாம் பார்ப்பது வில்லை வழியாக அன்று. அதற்கு மேலே உள்ள தனிச் சாளரத்தின் வழியாக. எனவே வில்லையின் மூடியைக் கழற்றாமலே உலகம் முழுவதையும் அழகாகப் பார்க்கலாம், படமும் ‘எடுக்கலாம்’. என் முதல் மூன்று படங்கள் அவ்வாறு எடுக்கப்பட்டவையே. ஒளியியல் பேராசிரியர் பொறுத்தருள்க.

வில்லை வழியே பார்க்காவிட்டால் தொலைவை எப்படிச் சரிசெய்வது? இதற்குத்தான் தொலைவுமானி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டிப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் இடம் தாவுவதுபோல் தோன்றும். விரல் அருகில் இருந்தால் தாவல் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. காமிராவுக்கும் அப்படி இரண்டு கண்கள். ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளியிருக்கும் மற்றொன்றின் பிம்பம் ஆடிகளில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியைக் கடத்திப் பாதியைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடியின் மூலம் முதல் பிம்பத்தின்மேல் வந்து விழுகிறது. சாளரத்தின் நடுவே சிறு மஞ்சள் கட்டமாக அது தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்பினால் உள்ளே பார்வைக் கோடும் திரும்பும். இரண்டு மூக்குகள் ஒரே மூக்காக ஒன்றும் இடத்தில் நிறுத்தினால் தொலைவு சரி. வில்லையோடு இணைந்த இத்தகைய தொலைவுமானியைத் தன் உடலுக்குள்ளேயே கொண்டு 1932-இல் லைக்கா II வெளிவந்தது.

இரு கண்களுக்கும் இடைவெளி 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் நிற்பவரைப் பார்க்க இரண்டாவது பார்வைக் கோடு 0.02 ரேடியன், அதாவது ஒரு பாகைக்குச் சற்று மேல் சாய வேண்டும். ஆடி θ கோணம் திரும்பினால் கதிர் 2θ திரும்பும் என்பது நாம் அறிந்ததே. எனவே ஆடி அதில் பாதி திரும்பினால் போதும். 10 மீட்டரில் நிற்பவருக்குக் கதிர் சாய வேண்டியது 0.004 ரேடியன்தான். அருகில் இருப்பவரைத் துல்லியமாகப் பிடிக்கும் இக்கருவி தொலைவில் சற்றுத் தடுமாறுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். தொலைவில் தடுமாறினாலும் பெரிய கேடில்லை. அங்கே வில்லையின் தெளிவு ஆழம் நமக்குக் கைகொடுத்துவிடும்.

இனி ஒளிக்கு வருவோம். தானாக ஒளியை அளந்துகொள்ளும் காமிரா என்பது 1938-லேயே கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனால் எலக்ட்ரோ 35 செய்தது வேறு. துவாரத்தை நாம் வைக்கிறோம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு மின்சுற்று முடிவு செய்கிறது. காமிராவின் நெற்றியில், சாளரத்தை அடுத்து, ஒரு காட்மியம் சல்பைடு துண்டு இருக்கிறது. நம் ஆய்வகத்து எல்.டி.ஆர். அதுவேதான். இருட்டில் மெகா ஓம் கணக்கில் இருக்கும் அதன் மின்தடை, வெளிச்சத்தில் சில நூறு ஓம்வரை இறங்கும். இதன் வழியே ஒரு மின்தேக்கி மின்னேற்றம் பெறுகிறது. பொத்தானை அழுத்தியதும் ஷட்டர் திறக்கிறது. ஒரு மின்காந்தம் அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் குறித்த அளவை எட்டியதும் டிரான்சிஸ்டர் சுற்று மின்காந்தத்தை விடுவிக்க, ஷட்டர் மூடிக்கொள்கிறது. வெளிச்சம் அதிகமானால் மின்தடை குறைவு, மின்னேற்றம் விரைவு, ஷட்டரும் விரைவு. கரும்பலகையில் ஆர்.சி. என்று எழுதி வட்டமிட்டுக் காட்டிய காலமாறிலி இங்கே ‘கிளிக்’ என்று காதில் விழுகிறது! 30 நொடி முதல் 1/500 நொடி வரை எந்த நேரத்தையும் அது தேர்ந்துகொள்ளும். வெளிச்சம் மிகுந்து 1/500-ம் போதாதென்றால் சிவப்பு விளக்கு. குறைந்து 1/30-க்குக் கீழே போனால், கை நடுங்கும் என்று எச்சரிக்க மஞ்சள் விளக்கு. என்ன நேரம் தேர்ந்தது என்பதை மட்டும் நமக்குச் சொல்லாது.

பாட்டரியைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தேன். அப்போதும் ஷட்டர் அசைகிறது, ஆனால் எப்போதும் 1/500 நொடிதான். பிடித்துவைக்க மின்காந்தம் இல்லையல்லவா? அந்தக் காலத்தில் இதற்குப் போட்டது 5.6 வோல்ட் பாதரச பாட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அது இப்போது கிடைப்பதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பாட்டரி ஒன்றை வாங்கி, அட்டையைச் சுருட்டிச் சுற்றி, மிஞ்சிய இடத்தில் பேனாவின் ஸ்பிரிங்கைச் செருகினேன். வேலை செய்கிறது. மற்றொன்று: இந்தக் காமிராக்களுக்குள் ஒரு சிறு ரப்பர்த் திண்டு உண்டு. வயதானால் அது பொடிந்துபோய் ஒளிக்கணக்கு குழம்பும். பிலிமைச் சுற்றும்போது உள்ளே ‘டக்’ என்று ஒலித்தால் திண்டு நலம் என்று கொள்ளலாம். அண்ணாச்சியின் காமிரா ‘டக்’ என்றது.

எங்கள் ஆச்சிக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். வாக்காளர் அட்டையில் தபால்தலை அளவில் இருப்பதைத் தவிர அவளுக்கென்று ஒரு நல்ல படம் இல்லை. கைபேசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்தக் காமிராவைப் பார்த்ததும் என்ன தோன்றிற்றோ, அரக்குச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தாள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் பின்னால். காலை வேளை, நிழல். ஏ.எஸ்.ஏ. 400 கருப்பு வெள்ளைச் சுருள். துவாரம் எஃப் 11. இரண்டு விளக்கும் எரியவில்லை. எல்லாம் சரி என்று காமிராவே சொல்லிவிட்டது என நம்பி எட்டுப் படங்கள் எடுத்தேன்.

அண்ணாச்சி தம் பழைய டாங்கில் சுருளைக் கழுவி விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஆச்சியின் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடிபோல் தெளிந்து கிடந்தது. நெகட்டிவில் தெளிவு என்றால் அச்சில் கருமை. “சொவர எடுத்திருக்கியேடே” என்றார். அச்சிட்டுப் பார்த்தோம். வெண்சுவர் சாம்பலாக இருந்தது. அதன்முன் ஒரு கருநிழல். கண் இல்லை, மூக்கு இல்லை. நெகட்டிவில் விழாததை அச்சில் கொண்டுவர எந்த வித்தையாலும் இயலாது.

குற்றம் காமிராவினுடையதன்று, அது என்ன அளக்கிறது என்று கேட்காத என்னுடையது. அந்தக் காட்மியம் சல்பைடுக்கு ஆச்சியும் தெரியாது, சுவரும் தெரியாது. எதிரே உள்ள அத்தனையிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்து ஒரே எண்ணாக விழுங்குகிறது. பிறகு, தான் கண்டது விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைப் பிரதிபலிக்கும் நடுச்சாம்பல் என்றே எண்ணி நேரத்தைக் கணிக்கிறது. பலவும் கலந்த காட்சிக்கு இது பொருந்தும். சுண்ணாம்புச் சுவர் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 80-ஐ 18-ஆல் வகுத்தால் நாலரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. சட்டத்தில் பெரும்பகுதி சுவர் என்பதால், ‘வெளிச்சம் மிகுதி’ என்று கருதி ஏறத்தாழ அத்தனை மடங்கு நேரத்தைக் காமிரா குறைத்துவிட்டது. வெண்மை சாம்பலாயிற்று. வெயிலில் களையெடுத்துக் கறுத்த முகம் 10 விழுக்காடு என்று கொண்டால், அது 2-க்கும் 3-க்கும் இடையே இறங்கிப் பிலிமின் அடிமட்டத்தில் தொலைந்தது.

ஒவ்வொரு பொருளும் படத்தில் எந்தச் சாயலில் வர வேண்டும் என்பதைப் படம் எடுப்பவனே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும் என்று, ஆன்சல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1940-ஐ ஒட்டி ஒரு மண்டல முறையையே வகுத்தார்கள். ஆனால் இந்தக் காமிராவில் நேரத்தை நாம் விரும்பியபடி வைக்க இடமில்லை. என்ன செய்வது? ஏமாற்ற வேண்டியதுதான். பிலிமின் வேகத்தைச் சொல்லும் ஏ.எஸ்.ஏ. வட்டு 25 முதல் 1000 வரை திரும்பும். உள்ளே இருப்பது 400 பிலிம். வட்டில் 100 என்று வைத்தால், ‘மந்தமான பிலிம்’ என்று நம்பி நான்கு மடங்கு நேரம் கொடுக்கும்.

இரண்டாம் சுருளில் அதே திண்ணை, அதே வேளை, அதே எஃப் 11. வட்டை 400, 200, 100, 50 என்று மாற்றி நான்கு நான்காக எடுத்தேன். “ஒரே மூஞ்சிய எத்தன தடவடே எடுப்ப?” என்றாள் ஆச்சி. ஆய்வகத்தில் அளவீடுகளைத் திரும்பத் திரும்ப எடுப்பது ஏன் என்று விளக்க முயன்று கைவிட்டேன்.

400-இல் பழைய நிழலே. 200-இல் நெற்றித் திருநீறும் கண்ணின் வெண்மையும் எட்டிப் பார்த்தன. 100-இல் முகம் வந்துவிட்டது: கன்னத்துச் சுருக்கங்கள், பாம்படம் ஆடிய நாளின் அடையாளமாகத் தோள்வரை தொங்கும் காது மடல்கள். 50-இல் சுவரின் வெடிப்புகள் மறைந்து அது வெறும் வெள்ளையாயிற்று. ஆனால் புருவத்துக்குக் கீழே நிழலில் ஒளிந்திருந்த கண்களும் திறந்துகொண்டன. கணக்குப்படி 100-தான் சரி, அண்ணாச்சியின் வாக்கும் அதற்கே. நான் 50-ஐ எடுத்துக்கொண்டேன். நெகட்டிவ் பிலிம் ஒளிக்குறைவைப் பொறுக்காது. மிகுதியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சுவரைப் பற்றி எனக்கு அக்கறையும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மற்றொரு செய்தி கண்ணில் பட்டது. வண்ணப்படங்களைச் சரிபார்த்து அச்சிட, கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிவந்த மாதிரிப் படத்துக்கு ‘ஷர்லி அட்டை’ என்று பெயர். பல ஆண்டுகள் அதில் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் பெண்களே. அவர்கள் முகம் சரியாக வந்தால் படம் சரி. காட்மியம் சல்பைடுக்கு நிறபேதம் தெரியாது என்பது மெய்யே. ஆனாலும் ‘சராசரி’ என்று ஒன்றை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து முடிவு செய்துவிடுகிறார். நம் திண்ணைகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு வட்டைத் திருப்ப வேண்டியது நம் பொறுப்பாகிறது.

50-இல் எடுத்த படத்தை அண்ணாச்சி பெரிதாக்கித் தந்தார். ஆச்சி அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “இது ஆருடே, எங்க அம்மையில்லா இருக்கா?” என்றாள். ஆச்சியின் தாயாரை யாரும் படம் எடுத்ததில்லை.